அடுக்கா, பெயரா? வயல் கணக்கில் ஒரு நிரலாக்கப் பாடம்

சார்லஸ் மூர் 1970-ஐ ஒட்டி உருவாக்கிய ஃபோர்த் மொழியில், கட்டளைச் சொற்களை வரிசையாகக் கோத்தாலே நிரல் ஆகிவிடும். எண்கள் ஓர் அடுக்கில் ஏறும். கடைசியில் ஏறியது முதலில் இறங்கும். கொள்முதல் நிலையத்தில் நெல்மூட்டைகள் ஏறி இறங்குவதைப் பார்த்த தஞ்சை மாணவர்களுக்கு இது புதிதல்ல. மேல்நிலை வகுப்பில் உள்ளமை மாறிகளைக் கற்பிக்கும் முன் கீழ்க்காணும் செயல்பாட்டை நடத்தினால், மாறிக்கு ஏன் பெயர் வைக்கிறோம் என்பதை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

செயல்பாடு 1: அடுக்கு மட்டும்

செவ்வக வயல் ஒன்றின் நீளம் 40 மீட்டர், அகலம் 30 மீட்டர். அதன் பரப்பும் சுற்று வரப்பின் நீளமும் வேண்டும். எண் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் செய்க. கீழே வலக்கோடியில் இருப்பதே மேல் அட்டை.

1. தொடக்கம்: 40, 30
2. இரண்டையும் படியெடு: 40, 30, 40, 30
3. பெருக்கு: 40, 30, 1200
4. மேல் அட்டையை மற்ற இரண்டுக்கும் அடியில் வை: 1200, 40, 30
5. கூட்டு: 1200, 70
6. 2-ஐ வைத்துப் பெருக்கு: 1200, 140

பரப்பு 1200 சதுர மீட்டர். நம் பகுதிக் கணக்கில் ஒரு மாவுக்குச் சற்றுக் குறைவு. வரப்பு 140 மீட்டர்.

இப்போது கேளுங்கள்: நான்காம் படி எதைக் கணக்கிட்டது? எதையும் இல்லை, இடம் மாற்றியது மட்டுமே. அதை விட்டுவிட்டால் இறுதியில் 40, 2460 என்று வரும். பரப்போடு அகலம் கூட்டப்பட்டுவிட்டது. கணினி பிழை எதுவும் காட்டாது, விடைதான் தவறாகும்.

செயல்பாடு 2: பெயருடன்

40, 30 இரண்டையும் ‘நீளம்’, ‘அகலம்’ எனக் கரும்பலகையில் எழுதி, வேண்டும்போது பெயரால் அழைக்கச் செய்க. நான்காம் படி தேவைப்படாது. கணக்கு முடிந்ததும் பெயர்களை அழித்துவிடுங்கள். அக்கணக்கோடு தோன்றி அதனோடு மறைவதே உள்ளமை மாறி.

கலந்துரையாடல்

1994-இல் வந்த ஃபோர்த் தரநிலை உள்ளமை மாறிகளை விருப்பப் பகுதியாகச் சேர்த்தது. மூர் அவற்றை ஏற்கவில்லை. நிரலைச் சிறு சொற்களாகப் பிரித்தால் போதும் என்பது அவர் கருத்து. இரு தரப்பையும் மாணவர்கள் வாதிடட்டும். ஒரே முறை பயன்படும் மதிப்பை (இங்கே 70) அடுக்கிலேயே விடலாம். திரும்பத் திரும்பத் தேவைப்படுவதற்குப் பெயர் வைப்பது நல்லது என்ற முடிவுக்கு அவர்களை வழிநடத்தலாம்.

மதிப்பீடு

நீளம், அகலம், உயரம் தெரிந்த நெற்களஞ்சியத்தின் கொள்ளளவையும் நான்கு சுவர்களின் பரப்பையும் இரு முறைகளிலும் காண்க. எந்தப் படியில் தடுமாற்றம் நேர்ந்தது என எழுதுக.