ஒரு கிரைண்டருக்கு எவ்வளவு கமிஷன்?

சூலூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

நம் பட்டறைக் கிரைண்டரை இணையத்தில் விற்கத் தொடங்கிவிட்டாய் என்று கேட்டு மனசு நிறைந்தது. சமையல் சேனல் நடத்துகிறவர்களுக்கு லிங்க் கொடுத்து, அதன் வழியாக வரும் விற்பனைக்குக் கமிஷன் தரும் அஃபிலியேட் திட்டத்துக்கு வருடம் எவ்வளவு ஒதுக்கலாம் என்று கேட்டிருந்தாய். இரண்டு லட்சமா, மூன்று லட்சமா என்று மொத்தத் தொகையில் தொடங்காதே. பேப்பர் விளம்பரத்துக்கு அப்படி ஒதுக்கலாம். சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் போகிற காசு அது. கமிஷன் விற்றால்தான் போகும். அதனால் வரம்பை ஒரு கிரைண்டருக்கு வை. வருடத்துக்கு வைத்தால், தீபாவளிக்கு விற்பனை ஏறும் நேரத்தில் 'பட்ஜெட் தீர்ந்துவிட்டது' என்று நீயே லிங்கை நிறுத்த வேண்டிவரும். உனக்காக வீடியோ எடுத்துப் போட்டவர் அடுத்த முறை உன் பக்கம் திரும்பமாட்டார்.

கணக்கைப் பார். வரியோடு 5,900 ரூபாய் விலை என்று வை. ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 900 ரூபாய் அரசாங்கத்துடையது. உன் விலை 5,000. கமிஷனை இந்த 5,000-க்கு மட்டும் போடு, ஒப்பந்தத்திலும் அப்படியே எழுது. கல், டிரம், மோட்டார், கூலி எல்லாம் சேர்ந்து 3,600. பேக்கிங், லாரி வாடகை 500. வாரன்டிக்கு எடுத்துவைப்பது 150. பணம் வந்துசேரும் கேட்வே கட்டணம் 120. மிச்சம் 630. இதில் 5 சதவீதக் கமிஷன், அதாவது 250, கொடுத்தால் கையில் 380 நிற்கும். அதுவரை சரி. அதோடு 300 ரூபாய் கூப்பனும் கொடுத்தாயானால் நிற்பது 150-ஐத் தொடாது. பலர் கமிஷனை ஒரு நோட்டிலும் கூப்பனை இன்னொரு நோட்டிலும் எழுதிவிட்டு, வருடக் கடைசியில் லாபம் எங்கே என்று தேடுகிறார்கள். இரண்டும் ஒரே 630-லிருந்துதான் போகிறது.

கல் உள்ள சாமான் இது. உடைந்து திரும்பினால் லாரி வாடகை இரு தடவை. ஆகவே ரிட்டர்ன் காலம் முடிந்த பிறகே கமிஷன் பணம் தர வேண்டும். நூல் வியாபாரத்தில் சரக்கு கைமாறிக் காசு வந்த பிறகுதானே தரகு? ஆனால் விற்ற அன்றே அந்த 250-ஐத் தனிக் கணக்கில் போட்டுவிடு. அக்டோபரில் சம்பாதித்துக் கொடுத்தவருக்கு டிசம்பரில் தரவேண்டிய பணத்தில் செம்புக் கம்பி வாங்கிவிடாதே.

விகிதத்தைத் தொடக்கத்தில் அள்ளிக் கொடுத்துவிட்டுப் பின்னால் குறைக்காதே; கெட்ட பேர் வரும். 1996-லேயே இதுபோன்ற திட்டத்தைத் தொடங்கிய அமேசான், 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் மரச்சாமான் வகைக்கு 8 சதவீதத்தை 3 ஆக்கியபோது அதை நம்பிப் பிழைத்தவர்கள் திண்டாடினார்கள். நம்மைப் போன்ற சின்னப் பட்டறைக்கு அந்தக் கெட்ட பேர் தாங்காது.

வருட வரம்பு வைக்க வேண்டியது வேறொன்றுக்கு: சேனல்காரர்களுக்கு அனுப்பும் சாம்பிள் கிரைண்டர்கள், லிங்கைக் கணக்கு வைக்கும் சாஃப்ட்வேரின் மாதக் கட்டணம், கணக்குப் பார்க்கிறவர் சம்பளம். இது விற்காவிட்டாலும் போகிற காசு. இங்கே கையை இறுக்கிப் பிடி.

உன் பேரையே கூகுளில் தட்டி வருகிற ஆளை நடுவில் மறித்துத் தன் லிங்க் வழியாக அனுப்பிக் கமிஷன் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஈபே நிறுவனமே, தாங்கள் அனுப்பாத ஆட்களுக்கும் கமிஷன் பறித்ததாகத் தன் பெரிய அஃபிலியேட்டுகள் மேல் 2008-ல் வழக்குப் போட்டது. முதல் தடவை வாங்குகிறவரைக் கொண்டுவந்தால் மட்டுமே முழுக் கமிஷன் என்றும், உன் பேரில் கூகுள் விளம்பரம் போடக் கூடாது என்றும் எழுதிவிடு. தனக்குக் கமிஷன் வருகிறது என்பதை வீடியோவில் சொல்ல வேண்டும் என்பதையும் சேர். 2022-ல் வந்த மத்திய அரசின் விளம்பர வழிகாட்டுதல்கள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. மறைத்து விற்ற கிரைண்டர் நம் பேருக்கு வேண்டாம்.

டிடிஎஸ் பற்றி ஆடிட்டரிடம் கேள். 2024 அக்டோபரிலிருந்து கமிஷனுக்கு 2 சதவீதம். 2025 ஏப்ரலிலிருந்து ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய் தாண்டினால் பிடிக்க வேண்டும்.

மேலே போட்டதெல்லாம் என் உத்தேசக் கணக்கு. அப்பாவிடம் உட்கார்ந்து நம் பட்டறையின் உண்மையான அடக்கவிலையை எழுதி, ஆயுத பூஜைக்கு முன்னால் எனக்கு அனுப்பு. சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரி வாடகையைத் தனித்தனியாகப் போடு.

அன்புடன்,
மாமா