வெள்ள இழப்பும் ஈடுசெய்யும் வழியும்

முல்லையாற்றால் வளம்பெறும் ஊர்களுள் சின்னமனூரும் ஒன்று. 1895-ஆம் ஆண்டு பெரியாறு அணை திறக்கப்பட்டபின், மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த வழியே கம்பம் பள்ளத்தாக்கிற்குத் திருப்பப்பட்டது. நெல்லும் வாழையும் தென்னையும் அந்நீரால் செழிக்கின்றன. ஆயினும் பருவமழை மிகுங்கால், ஊட்டி வளர்த்த ஆறே கரைமீறி உழவர் உழைப்பை வாரிச் செல்லுதலும் உண்டு. அவ்விழப்பை ஈடுசெய்யும் வழி யாது? அரசின் உதவி, காப்பீடு என்னும் இரண்டும் ஈண்டு ஆராயத்தக்கன.

அரசின் உதவி துயர்துடைப்பேயன்றி முழு ஈடு அன்று. 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருக்கெடுத்தபோது, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் மிகுதியும் தாக்குண்ட வட்டங்களின் குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டரசு 6,000 ரூபாய் வழங்கிற்று. 33 விழுக்காடும் அதற்கு மேலும் அழிந்த நெற்பயிர்க்கு எக்டேருக்கு 17,000 ரூபாய் என அறிவித்தது. வீட்டில் இழந்தது சிறிதாயினும் பெரிதாயினும் குடும்பத்திற்குரிய தொகை ஒன்றே. அஃது அடுப்பெரியச் செய்யும். இடிந்த இல்லத்தை எழுப்பாது. எனினும் அதனை இகழ்தல் தகாது. இழப்பை அளந்து முடிக்குமளவும் பசித்தவர் காத்திருத்தல் இயலாதன்றோ?

காப்பீடோ வேறு இயல்பினது. பலர் சிறுதொகை செலுத்திப் பொதுநிதி ஒன்று சேர்க்க, இழந்தோர் ஒப்பந்தப்படி அதினின்றும் பெறுகின்றனர். பெறுவது உரிமை, கையேந்துதல் இல்லை. 2021 ஏப்ரல் முதல் வழங்கப்படும் பாரத் கிருக ரக்ஷா என்னும் வீட்டுக் காப்பீடு, தீயோடு வெள்ளத்தையும் உள்ளடக்கும். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்க்கு உழவர் செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 2 விழுக்காட்டிற்கு மேற்படாது. தோட்டப் பயிர்க்கு 5 விழுக்காட்டிற்கு மேற்படாது. எஞ்சிய கட்டணத்தை அரசுகள் ஏற்கின்றன.

ஆயினும் இதற்கும் குறை உண்டு. விளைச்சல் இழப்பு பெரும்பாலும் ஒரு பகுதி முழுமைக்கும் சேர்த்தே அளக்கப்படுகிறது. வயல்வாரியாகக் கணக்கிடும் விதி சில இடர்களுக்கே உண்டு. ஆற்றோர வயல் மூழ்கி, மேட்டுநிலம் நன்கு விளையின், பகுதியின் சராசரி தாழாது, மூழ்கியவருள் அவ்விதியில் அடங்காதார் வெறுங்கையராவர். ஆற்றங்கரை ஊர்களுக்கு இது சிறு குறையன்று.

ஆகவே, உதவி விரைந்து வருதல் வேண்டும். காப்பீடு நிறைந்து வருதல் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் குறைத்தல் நீதியன்று. வயல்தோறும் இழப்பை அளக்கும் முறை பரவுதலும் இன்றியமையாதது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவராகிய நாம், மழைக்கு முன்னரே காப்பீட்டுப் பத்திரத்தை ஊரார்க்குப் படித்து விளக்கி, கட்டணம் செலுத்தும் இறுதி நாளையும் நினைவூட்டுவோமாயின், கற்ற கல்வி பிறர்க்கும் பயன்படும்.