கடைசி மோட்டார்

போன டிசம்பரில் நாங்கள் எட்டுப் பேர், எட்டு மோட்டாரில், தாய்லாந்தின் வடக்கு மலைகளைச் சுற்றி வந்தோம். திரும்பி வந்த நாளிலிருந்து "அண்ணே, அடுத்த ட்ரிப் எப்போ? என்னையும் சேர்த்துக்கோங்கண்ணே" என்று கேட்காத ஆள் இல்லை. படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். படத்தில் இல்லாத ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அடுத்த பட்டியலில் யார் பெயரையும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பாதை. சியாங் மாயிலிருந்து தெற்கே இறங்கி, மே சாரியாங், மே ஹோங் சோன், பாய் என்று சுற்றி மறுபடி சியாங் மாய்க்கே வரும் வட்டம் அது. ஏறக்குறைய 600 கிலோமீட்டர். இதில் 1,864 வளைவுகள் இருப்பதாகக் கணக்கு. சுற்றி முடித்தவர்களுக்கு மே ஹோங் சோனில் சான்றிதழ்கூடக் கொடுக்கிறார்கள். நம்ம ஊர் மோட்டார்க்காரர்களுக்கு இந்த ஒரு எண் போதுமே, தூக்கம் போய்விடும்!

புக்கிட் காயு ஹித்தாமில் எல்லையைக் கடந்தோம். கடப்பிதழ், மோட்டார் கிராண்ட், தாய்லாந்துக்கான தனிக் காப்புறுதி, இவை கையில் இருக்க வேண்டும். நம்முடைய லைசென்சே அங்கே செல்லும். ஆசியான் நாடுகள் 1985இல் செய்துகொண்ட உடன்பாடு அது. சாலையிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான். கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். அங்கிருந்து சியாங் மாய்க்கு நான்கு நாள். நேர் சாலை, லாரி, வெயில். உட்கார்ந்த இடம் வலித்ததைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை.

புறப்படும் முன் கோயில் வாசலில் எட்டு மோட்டாருக்கும் சூடம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். கூட்டத்தில் இளையவனுக்கு இருபது வயது. அவனை இங்கே தம்பி என்றே சொல்கிறேன். அவன் அம்மா என்னிடம் வந்து, "நீ போறேன்னுதான்பா இவனை அனுப்புறேன். பார்த்துக்க" என்றார். "நான் இருக்கேம்மா, கவலைப்படாதீங்க" என்றேன். வாயிலிருந்து சுலபமாக வந்த வார்த்தை.

சியாங் மாயிலிருந்து கிளம்பிய முதல் நாள், 108ஆம் எண் சாலையில் தோய் லோ வட்டாரத்தில் ஒரு விநாயகர் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். தாய்லாந்துக்காரர்கள் விநாயகரை 'பிக்கனேத்' என்கிறார்கள். விக்னேஷ் என்ற பெயர்தான் அவர்கள் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. கலைகளுக்கு உரிய தெய்வமாக அவரை வைத்திருக்கிறார்கள். மாலை போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த ஒரு தாய் பாட்டி, எங்களைப் பார்த்துச் சிரித்து ஊதுபத்தி நீட்டினார். மொழி தேவைப்படவில்லை. அதே நாள் தோய் இந்தானோன் உச்சிக்கும் ஏறினோம். 2,565 மீட்டர், தாய்லாந்தின் மிக உயர்ந்த இடம். தினம் முப்பது டிகிரியில் வேகிற நமக்கு, கையுறைக்குள் விரல் மரத்துப்போவது புது அனுபவம்.

மூன்றாம் நாள்தான் விஷயம். மே ஹோங் சோனிலிருந்து பாய் வரை, 1095ஆம் எண் சாலை. காலையில் பனிமூட்டம், பிறகு வெயில், இரண்டு பக்கமும் அடுக்கடுக்காக மலை. நான் முன்னால் போனேன். தம்பியைக் கடைசியில் விட்டிருந்தேன். காரணம் கேட்டால் அப்போது சரியாகத்தான் பட்டது: மெதுவாக ஓட்டுகிறான், நடுவில் இருந்தால் பின்னால் வருகிறவர்களுக்கு இடைஞ்சல், கடைசியில் அவன் பாட்டுக்கு வரட்டும்.

தம்பி "அவன் பாட்டுக்கு" வரவே முடியாது என்பது எனக்கு உறைக்கவில்லை. கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எட்டு மோட்டார், ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு வினாடி. முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 14 வினாடி இடைவெளி. ஒரு வளைவில் எல்லாரும் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த 14 வினாடி என்பது சுமார் 155 மீட்டர். நான் வளைவை முடித்து 80க்கு ஏற்றுகிறேன். கடைசி ஆள் இன்னும் வளைவுக்குள் 40இலேயே இருக்கிறான். அவன் வெளியே வரும்போது நான் 310 மீட்டர் தள்ளி இருப்பேன். நேரம் அதே 14 வினாடிதான், தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவன் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கூட்டம் நம்மை விட்டுவிட்டுப் போகிறது என்றுதான் தெரியும். முறுக்குவான். அந்தக் கூடுதல் 155 மீட்டரைப் பிடிக்க அவன் 100இல் போனால்கூட அரை நிமிடம் வேண்டும், முக்கால் கிலோமீட்டர் நேர் சாலை வேண்டும். 1095இல் முக்கால் கிலோமீட்டர் நேர் சாலைக்கு எங்கே போவது? ஆகவே வளைவுக்குள்ளேயே முறுக்குவான். ரப்பர் வளையத்தை இழுத்துவிட்ட மாதிரி, முன்னால் நான் செய்யும் ஒவ்வொரு சின்ன மாற்றமும் கடைசி ஆளிடம் போய்ச் சேரும்போது பெரிதாகிவிடுகிறது. கூட்டத்திலேயே அனுபவம் குறைந்தவனை, கூட்டத்திலேயே வேகமாக ஓட்ட வேண்டிய இடத்தில் நான் வைத்திருந்தேன்.

பாங் மாஃபாவைத் தாண்டி ஏறினால் கியூ லோம் என்ற காட்சிமுனை வரும். அங்கே நின்றோம். காப்பி குடித்தோம், படம் எடுத்தோம். அந்தப் படத்தைத்தான் நீங்கள் எல்லாரும் லைக் போட்டீர்கள். எண்ணிப் பாருங்கள், அதில் ஏழு பேர்தான் இருப்போம். தம்பி வந்து சேர்ந்தபோது எங்களுக்குப் போதுமென்று ஆகிவிட்டது. அவன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் நான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். "ஓகேவாடா?" என்று கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். வேறு என்ன செய்வான், பாவம்?

அங்கிருந்து பாய் வரை இறக்கம். கீழே சமவெளியில் நிறுத்தி எண்ணினோம். ஏழு. பத்து நிமிடம் நின்றோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. திருப்பிக்கொண்டு மேலே ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இந்த வளைவுக்குப் பின்னால் இருப்பான் என்று நினைத்தேன், இருக்கமாட்டான் என்றும் நினைத்தேன். அவன் அம்மாவுக்கு நான் சொன்ன வார்த்தை காதிலேயே நின்றது.

ஒரு கொண்டையூசி வளைவுக்கு முன்னால் சாலையில் இலைக்கொத்தோடு மரக்கிளைகள் கிடந்தன. தாய்லாந்து மலைச்சாலையில் அப்படிக் கிடந்தால் 'முன்னால் ஏதோ நிற்கிறது, மெதுவாக வா' என்று அர்த்தம். ஒரு காய்கறி பிக்கப்காரர் ஒடித்துப் போட்டிருந்தார். தம்பி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு. மோட்டார் வடிகாலுக்குள் கிடந்தது. பிக்கப்காரரே அங்குள்ள அவசர மருத்துவ எண் 1669க்கு அழைத்திருந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிவு. வளைவின் வெளிப்பக்கம் வடிகால் இருந்ததால் எலும்போடு போயிற்று. அடுத்த வளைவில் வடிகால் இல்லை, பள்ளம்தான். நான் போய்ப் பார்த்தேன்.

என்ன நடந்தது என்று பிறகு அவனே சொன்னான். இறக்கம் முழுக்கப் பின் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறான். முன் பிரேக் பிடித்தால் கவிழ்ந்துவிடும் என்ற பயம், நிறையப் பேருக்கு இருக்கிறது. அதோடு ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் கிளட்சைப் பிடித்திருக்கிறான். கிளட்சைப் பிடித்தால் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும். மோட்டாரின் கனத்தோடு பையின் கனத்தையும் ஒரே ஒரு பின் பிரேக் தாங்க வேண்டியதாகிறது. டிஸ்க் சூடாகும், அந்தச் சூடு பிரேக் எண்ணெய்க்குப் போகும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. ஈரம் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக்குமிழ். திரவத்தை அமுக்கினால் விசை அப்படியே போய்ச் சேரும், ஆவியை அமுக்கினால் ஆவிதான் சுருங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. பதறிப்போய் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தான், வளைவுக்குள், மணல்மேல்.

பாலர் பள்ளிப் பாடம் மாதிரி இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஏறுவதற்கு எந்த கியர் வேண்டுமோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். த்ரோட்டலை விட்டால் எஞ்சினே இழுத்துப் பிடிக்கும். வேகத்தை வளைவுக்கு முன்னால், நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் சேர்த்துக் குறைத்து, பிறகு பிரேக்கை விட்டுவிட வேண்டும். கிளட்ச் கியர் மாற்ற மட்டும். பிரேக் எண்ணெயை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். தம்பியின் மோட்டார் வாங்கி நான்கு வருடம், ஒரு முறைகூட மாற்றவில்லை. ரிம்முக்கு ஸ்டிக்கர் மட்டும் மூன்று முறை மாற்றியிருந்தான். புறப்படும் முன் எட்டு மோட்டாரையும் நான் பார்த்தேன். டயர், செயின், விளக்கு. பிரேக் எண்ணெய் எனக்கும் தோன்றவில்லை.

மருத்துவமனையில் கையைத் தொங்கவிட்டுக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை: "சாரிண்ணே, எல்லாரையும் லேட் ஆக்கிட்டேன்."

அவன் அம்மாவுக்குப் போன் பண்ண அரை மணி நேரம் ஆனது எனக்கு. எடுத்ததும் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நீ முன்னால போனியா, பின்னால போனியா?" என்று கேட்டார். மோட்டார் ஓட்டத் தெரியாத அம்மா.

தம்பியும் அவன் மோட்டாரும் வீடு வந்து சேர்ந்தது தனிக் கதை. பயணக் காப்புறுதி எடுக்காதவர்கள் கூட்டத்தில் இரண்டு பேர், அதில் அவன் ஒருவன் என்பதை மட்டும் சொல்கிறேன். மருத்துவச் செலவை ஏழு பேரும் பங்கு போட்டோம். காப்புறுதி எடுத்தாலும் பொடி எழுத்தைப் படியுங்கள். லைசென்ஸ் வகை பொருந்தாவிட்டால் பணம் கிடைக்காத திட்டங்கள் உண்டு.

இப்போது எங்கள் வரிசை மாறிவிட்டது. புதியவன் முன்னவனுக்கு நேர் பின்னால். அவன் கண்ணாடியில் தெரியும் வேகத்தில்தான் முன்னவன் போவான். கடைசியில் நன்றாக ஓட்டத் தெரிந்தவன், முதலுதவிப் பையோடு. அவன் யாரையும் முந்தமாட்டான். நேர் சாலையில் இடம் வலமாக மாறி மாறி, மலையில் ஒற்றை வரிசை. சந்திப்பு வந்தால் மூன்றாவது ஆள் நின்று வழிகாட்டுவான். கடைசி ஆள் வந்ததும் அவனுக்கு முன்னால் சேர்ந்துகொள்வான். அடுத்த சந்திப்பில் அப்போது மூன்றாவதாக இருப்பவன் நிற்பான். இப்படிச் செய்தால் யாரும் யாரையும் துரத்த வேண்டாம், வழி தப்பவும் முடியாது. நிற்கும் இடத்தில் கடைசி ஆள் ஹெல்மெட்டைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆன பிறகுதான் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும். இந்தக் கடைசி விதி தம்பி போட்டது.

அடுத்த மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வரை ஏறி இறங்கிப் பழகப் போகிறோம். வருகிறவர்கள் மோட்டாரை முந்தின சனிக்கிழமை கொண்டுவாருங்கள். பிரேக்கைப் பார்ப்பது தம்பி. எலும்பு கூடிவிட்டது, டாக்டர் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். அவன் அம்மா இன்னும் சொல்லவில்லை.