பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் முன்

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தங்கி வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கு உதவ முன்வரும் தம்பி, தங்கைகளுக்கு:

1. பக்கத்து வீட்டில் அடி, திட்டுச் சத்தம் கேட்டதும் போய் அந்த வீட்டுக்காரரிடம் சண்டை போடாதீர்கள். நீங்கள் திரும்பி வந்துவிடுவீர்கள். அந்தக் கோபத்துக்கு இரவு முழுக்கப் பதில் சொல்வது அந்தப் பெண்தான். மறுநாள் "ஊருக்கு அனுப்பிட்டோம்" என்பார்கள். பிறகு அவரைத் தேடிக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

2. முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள். துணி காயப்போட மொட்டை மாடிக்கு வருவார், குப்பை கொட்டக் கீழே இறங்குவார். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று ஆரம்பித்தால் போதும். ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்துப் பெண் என்றால் மொழி தெரிந்த ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி உடன் வருபவர், பெண்ணை வேலைக்கு அழைத்து வந்த ஏஜென்டின் ஆளாக இருந்துவிடக் கூடாது. சம்பளம் கைக்கு வருகிறதா, ஆதாரும் போனும் யாரிடம் இருக்கின்றன, வெளியே போக விடுகிறார்களா என்று கேளுங்கள். கடுகடுப்பான முதலாளியா, அடைத்து வைத்திருப்பவரா என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

3. வளர்ந்த பெண் என்றால் முடிவு அவருடையது. பாக்கிச் சம்பளம் வந்தால் போதும் என்று அவர் சொன்னால் அதற்கு உதவுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் காத்திருக்காமல் 112-ஐ அழையுங்கள்.

4. சிறுமி என்றால் யோசனையே வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது 2006 அக்டோபர் முதலே தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டிய, 18 நிரம்பாத பெண்ணின் சம்பளத்தைப் பிடித்து வைப்பதும் சிறார் நீதிச் சட்டப்படி குற்றம். "எங்க பொண்ணு மாதிரிதான் வெச்சிருக்கோம்" என்பார்கள். காலையில் பள்ளி வேன் வரும்போது பாருங்கள்: அவர்கள் பிள்ளை ஏறும், இவள் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவாள். இதைப் பார்த்த பிறகும் சும்மா இருப்பவர்களை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை.

5. "முன்பணம் வாங்கியிருக்கா, கழிச்சிட்டுப் போகட்டும்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கிவிட்டது. கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ மனு கொடுங்கள். விடுவிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். மறுவாழ்வு நிதிக்கு அதுதான் ஆதாரம்.

6. கேட்டதையும் பார்த்ததையும் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். அந்தப் பெண்ணின் காயத்தைப் படமெடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அந்தக் குழுவில் அவருடைய முதலாளியும் இருக்கிறார்.

7. அந்த வீட்டை விட்டு வெளியே வந்த அன்று இரவு அந்தப் பெண் எங்கே தங்குவார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மகளிர் உதவி எண் 181-க்கு அழைத்தால் பெண்களுக்கான தங்குமிடத்துக்கு வழிகாட்டுவார்கள். ஆதார், துணிமணி, பாக்கிச் சம்பளம் எல்லாவற்றையும் போலீசார் முன்னிலையிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். கதவு சாத்திய பிறகு கேட்டால் எதுவும் வராது.