அருள் நினைவு

மதுரை மாநகரின் வடபால், வைகையாற்றைக் கடந்து சென்றால், கே.கே. நகர் என்னும் பகுதி உள்ளது. அதன் அருகே வண்டியூர்க் கண்மாய் பரந்து கிடக்கிறது. வடகிழக்கே நோக்கின், படுத்திருக்கும் களிறு போன்ற யானைமலை தோன்றும். அம்மலையில் முன்னாளில் சமண முனிவர் வதிந்தமைக்குச் சான்றாகத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், பிற்காலத்துத் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் உள்ளன. வைகறையில் இப்பகுதியில் நடைபயில்வோர் பலர். உடல் நலம் வேண்டி நாள்தோறும் நடப்பவர் உள்ளத்தின் நலத்துக்கும் நாள்தோறும் ஒரு பயிற்சி வேண்டும் என்பதை எண்ணுவது அரிது. கையும் காலும் பயிற்சியால் உரம் பெறுவது போலவே, அருளும் பயிற்சியால் வளரும். அப்பயிற்சியின் இயல்பையும் பயனையும் இப்பாடத்தில் காண்போம்.

அன்பு வேறு, அருள் வேறு. பெற்றோரிடத்தும் மக்களிடத்தும் நண்பரிடத்தும் இயல்பாகத் தோன்றுவது அன்பு. தொடர்பு ஏதும் இல்லாத உயிரிடத்தும் சுரக்கும் இரக்கம் அருள். இவ்வேறுபாட்டை நன்குணர்ந்த திருவள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலிலும், அருளுடைமையைத் துறவறவியலின் முதல் அதிகாரமாகவும் அமைத்தார். அன்பு தானே ஊறும் ஊற்று; அருளோ, அவ்வூற்று நீரை வாய்க்கால் வெட்டித் தொலைவிலுள்ள வயலுக்குக் கொண்டு செல்வது போன்றது. வாய்க்கால் வெட்டுதற்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பே அருள் நினைவு என்னும் தியானமாகும்.

தேர்வில் தவறிய மாணவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் அமர்கிறான். "நான் எதற்கும் உதவாதவன்" என்று தன்னையே கடிந்துகொள்கிறான். அதே தவற்றை அவன் தோழன் செய்திருப்பின், "கவலற்க, அடுத்த முறை வெல்லலாம்" என்று தேற்றியிருப்பான். தோழனுக்கு வழங்கும் ஆறுதலைத் தனக்கு வழங்க அவன் மனம் மறுக்கிறது. அதன் பயன் யாது? தாய் உண்ண அழைத்தால் சினந்து விழுகிறான். தம்பி அருகில் வந்தால் வெருட்டுகிறான். தன்னிடத்துக் கடுமை மெல்லமெல்லப் பிறரிடத்துக் கடுமையாக மாறுகின்றது. ஆதலின், தன்னிடத்து இரக்கம் கொள்ளுதல் சோம்பலுக்குத் துணை போவது அன்று. பிறரிடத்து இரங்குதற்கு முதற்படியே ஆகும். தவற்றைத் தவறு என்று ஒப்புக்கொண்டு, தவறியவனை வெறாமல் திருத்துவதே தன்னிடத்துக் காட்டும் அருள்.

இப்பயிற்சியை முறைப்பட வகுத்துரைத்த பழைய நூல்களுள் ஒன்று விசுத்திமார்க்கம். கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்னும் பேராசிரியர் இலங்கையின் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து பாலி மொழியில் இதனை இயற்றினார். அவர் காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தார் என்பது அவருடைய உரைநூற் குறிப்பால் அறியப்படுகிறது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கு உயர்ந்த மனநிலைகளை அந்நூல் விரித்துரைக்கின்றது. எல்லா உயிரும் இன்புற விழைதல் மைத்திரி. துன்புறுவார் துயர் நீங்க விழைதல் கருணை. பிறர் ஆக்கம் கண்டு மகிழ்தல் முதிதை. விருப்பு வெறுப்பின்றி நடுநிற்றல் உபேட்சை.

மைத்திரிப் பயிற்சி தன்னிடத்தே தொடங்குகிறது. பயில்வோன் அமைதியான ஓரிடத்தில் அமர்ந்து, முதலில் தான் இன்புற்றிருக்குமாறும், பகையும் துயரும் இன்றி வாழுமாறும் நினைக்க வேண்டும். அடுத்து, தன் மதிப்புக்குரிய ஆசிரியர் ஒருவரை எண்ணி அவர்க்கும் அவ்வாறே நலம் நினைக்க வேண்டும். பின்னர் நெருங்கிய நண்பனையும், அதன்பின் விருப்பும் வெறுப்பும் இல்லாத அயலான் ஒருவனையும், இறுதியாகத் தனக்குப் பகைவனாயினான் ஒருவனையும் எண்ணி அந்நினைவைப் பரப்ப வேண்டும். படிமுறையை மாற்றிப் பகைவனிடத்துத் தொடங்கினால் மனம் சினத்தில் வழுக்கி விழும். நீந்தக் கற்பவன் முதலில் கரையோரத்திலேயே இறங்குவான் அன்றோ?

"முதலில் தன்னை நினைப்பது தன்னலம் ஆகாதா?" என்று சிலர் வினவலாம். தன்னை முதலில் வைப்பது உவமைக்காகவே. நோவு எத்தகையது என்பதை ஒருவன் தன் உடம்பிலேதான் அறிகிறான். 'யான் இன்பத்தை விழைகிறேன், துன்பத்துக்கு அஞ்சுகிறேன். மற்றை உயிரும் அவ்வாறே அன்றோ?' என்று தன்னைச் சான்றாக வைத்துப் பிறரை உணர்கிறான். தன் நோவையே கல்லென மறைத்தவனுக்குப் பிறர் நோவை அளக்க அளவுகோல் இல்லாமற் போகிறது.

இவ்வுண்மையை விளக்கப் புத்தகோசர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். துறவி ஒருவர் தம் நண்பர், அயலார், பகைவர் ஆகிய மூவருடன் ஓரிடத்தில் அமர்ந்திருக்கிறார். கள்வர் சூழ்ந்துகொண்டு, பலியிடுதற்கு நால்வருள் ஒருவரைத் தருமாறு கேட்கின்றனர். பகைவனைக் காட்டினால் அத்துறவியின் பயிற்சி நிரம்பவில்லை என்பது எவர்க்கும் விளங்கும். ஆனால், "என்னையே கொண்டு செல்க, இம்மூவரையும் விடுக" என்று அவர் நினைப்பினும் பயிற்சி நிரம்பவில்லை என்கிறது அந்நூல்! ஏனெனில், அப்பொழுதும் அவர் நால்வருள் ஒருவரைத் தாழ்த்தியவரே ஆவர். நால்வருள் எவரையும் கொடுக்க மனம் இசையாத நிலை வாய்க்கும்போதே தான், பிறன் என்னும் எல்லைகள் உடைந்தன என்று கொள்ள வேண்டும். தன்னை உயர்த்துவதும் குறை; தன்னை இகழ்வதும் குறை. அருளின் துலாக்கோல் இருபுறமும் ஒத்து நிற்க வேண்டும்.

பகைவனை நினைக்கும்போது சினம் எழுமாயின் செய்ய வேண்டுவன யாவை? நண்பரிடத்துக் கொண்ட அன்பு நினைவுக்கு மீண்டும் சென்று, மனம் குளிர்ந்தபின் திரும்ப வருதல் ஒன்று. பகைவனிடத்து உள்ள நற்பண்பு ஒன்றையேனும் தேடிக் காணுதல் மற்றொன்று. இவற்றாலும் சினம் தணியாவிடின், அவனுக்கு ஒரு பொருளைக் கொடுக்குமாறு அந்நூல் அறிவுறுத்துகிறது. உள்ளம் இளகக் கையை முதலில் நீட்டச் சொல்லும் இவ்வழி, மக்கள் மனத்தை நன்கறிந்தார் கூறிய வழியாகும்.

இப்பயிற்சியில் ஏமாற்றும் போலிகளும் உள. அன்பைப் போலத் தோன்றுவது பற்று. இரக்கத்தைப் போலத் தோன்றுவது சோர்வு. நடுநிலையைப் போலத் தோன்றுவது அக்கறையின்மை. பிறர் துயர் கண்டு தானும் அழுது செயலற்றுக் கிடப்பவன் அருளாளன் போலத் தோன்றுவான். ஆயினும் நீரில் மூழ்குவோனைக் காப்பாற்றக் கரையிலே உறுதியாக நிற்கும் ஒருவன் வேண்டும். உடன் மூழ்குவோனால் பயன் இல்லை.

நினைவு செயலாக மலர்தல் வேண்டும். இதற்கு மதுரையே சான்று கூறும். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில் ஆபுத்திரன் என்பான் வரலாறு வருகின்றது. அவன் பிறந்தவுடனே தாயால் கைவிடப்பட்டவன். பசு ஒன்று பால் சுரந்து காத்தமையால் பிழைத்தவன். வேள்விக்கெனக் கட்டப்பட்டிருந்த பசுவை விடுவித்தமையால் ஊராரால் துரத்தப்பட்டவன். உலகை வெறுத்தற்கு அவனைப் போலக் காரணம் உடையவர் சிலரே. ஆயினும், அவன் மதுரையை அடைந்து, சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்கி, கையில் ஓடேந்தி மனைதோறும் சென்று இரந்தான். அவ்வுணவைக் குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர், நோயுற்றோர் ஆகியோர்க்கு ஊட்டினான். எஞ்சியதைத் தான் உண்டான். கைவிடப்பட்ட துயரைத் தன்னிடத்தே அறிந்தவன், கைவிடப்பட்டோரைத் தானாகவே உணர்ந்தான். மழை பொழிந்த நள்ளிருளில் பசித்தோர் சிலர் வந்து கேட்க, கொடுக்க ஒன்றும் இன்றி அவன் உள்ளம் நைந்தபோதுதான் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. அட்சய பாத்திரம் வருமுன்பே அவன் அருள் அறம் தொடங்கிவிட்டமை இங்குக் கருதத்தக்கது.

இது காப்பியக் கதை. அண்மைக் காலத்து மெய்வரலாறு ஒன்றும் இம்மதுரையில் உண்டு. எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918ஆம் ஆண்டு கோவிந்தப்ப வேங்கடசாமி பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் பயின்று, 1944இல் மருத்துவரானார். மகப்பேற்று மருத்துவராதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால், படைமருத்துவப் பணியில் இருந்தபோது கொடிய முடக்குவாதம் அவரைப் பற்றியது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். கைவிரல்கள் கோணிப்போயின. விரும்பிய துறையின் கதவு அடைபட்டது.

அந்நிலையில் அவர் தம்மை வெறுத்திருக்கலாம். விதியைப் பழித்துக் காலங்கழித்திருக்கலாம். அவரோ தம் கைகளின் குறையை ஒப்புக்கொண்டார், அக்கைகளைத் தள்ளிவிடவில்லை. கண்மருத்துவம் கற்றார். தம் கோணிய விரல்களுக்கு ஏற்பக் கருவிகளைப் பிடித்து அறுவை செய்யப் பழகினார். அவ்விரல்களாலேயே தம் வாழ்நாளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். நோயுற்ற உடம்பை இகழாது, அதனோடு இணங்கி உழைத்த பொறுமையே, தன்னிடத்துக் காட்டும் அருளுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு.

அரசுப் பணியினின்று ஓய்வு பெற்ற பின், 1976இல், தம் 58ஆம் அகவையில், உடன்பிறந்தாரின் துணையோடு மதுரையில் 11 படுக்கைகள் கொண்ட கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரின் நெறியில் ஈடுபாடு கொண்டிருந்தமையால் அதற்கு அரவிந்த் என்று பெயரிட்டார். அம்மருத்துவமனை கே.கே. நகரை அடுத்த அண்ணா நகரில் உள்ளது. பொருள் உடையோர் தரும் கட்டணத்தால் பொருள் அற்றோர்க்கும் கண்ணொளி தருவது அதன் முறை.

சிற்றூர்களில் முகாம் நடத்திக் கண்புரை உடையோரைக் கண்டறிந்து, அறுவை இலவசம் என்று கூறியும், பலர் மருத்துவமனைக்கு வரவில்லை. "இலவசமாகக் கொடுத்தும் வாரார், இவர்கள் அறியாதார்" என்று கூறி வாளா இருந்திருக்கலாம். ஆனால், வாரார் ஏன் என்று வினவியபோது உண்மை விளங்கிற்று. வந்து செல்லப் பேருந்துச் செலவுக்கு வழியில்லை. தங்கும் நாள்களில் உணவுக்கு வழியில்லை. கண் தெரியாதாரை அழைத்து வர ஆள் இல்லை. ஆகவே ஊர்தியும் உணவும் மருத்துவமனையே அளிக்கலாயிற்று. மக்கள் வந்தனர், பார்வை பெற்றனர். பிறர் நிலையில் தன்னை வைத்து எண்ணும் பயிற்சி, வெறும் உணர்ச்சியாக நில்லாது, எந்த இடத்தில் எந்த உதவி வேண்டும் என்று காட்டும் அறிவாகவும் மலர்ந்தது. கண்ணுள் வைக்கும் வில்லைகள் எளிய விலையில் கிடைத்தற்பொருட்டு, 1992இல் மதுரையிலேயே அவற்றைச் செய்யும் ஆலை தோன்றியதும் அவ்வறிவின் பயனே. வேங்கடசாமி 2006ஆம் ஆண்டு மறைந்தார். அவர் ஏற்றிய விளக்கு எரிகின்றது.

வடலூரில் 1867ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையை நிறுவி மூட்டிய அடுப்பும் இன்றளவும் அணையாது எரிகின்றது. உயிரிரக்கத்தையே வழிபாடாகக் கண்ட அடிகள், அதனைச் சொல்லோடு நிறுத்தாமல் சோறாக்கினார்.

மாணவர்கள் இப்பயிற்சியைத் தொடங்குதற்குக் காடும் மலையும் நாட வேண்டுவதில்லை. நாள்தோறும் காலையில் சிறிது நேரம் அமைதியாக அமர்தல் போதும். முதலில் தம் நலம் நினைக்க. நேற்றுச் செய்த பிழையைத் தம் ஆசிரியர் மன்னிப்பது போலத் தாமும் மன்னித்து, இன்று திருத்த உறுதி கொள்க. பின்பு பெற்றோர், ஆசிரியர், நண்பர் ஆகியோரை நினைக்க. அதன்பின் பெயர் அறியாத ஒருவரை, வண்டியோட்டுநரையோ தெருவைத் துப்புரவு செய்வாரையோ, நினைக்க. இறுதியில், நேற்றுச் சண்டையிட்ட தோழனை நினைக்க. அவனிடத்து மனம் இசையாவிடின் வருந்த வேண்டா. நாளை மீண்டும் முயல்க. எழுந்து சென்றபின், நினைத்தவருள் ஒருவர்க்கேனும் ஒரு சிறு செயல் செய்க.

தேர்வில் தவறி மூலையில் அமர்ந்த மாணவனிடம் மீண்டும் செல்வோம். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுகிறான். தாய் இட்ட உணவை உண்கிறான். தான் வெருட்டிய தம்பியை அருகழைத்து, அவனுக்குக் கணக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுக்கிறான். சொல்லிக் கொடுக்கும்போதே, தான் எங்கே தவறினான் என்பது அவனுக்கே விளங்குகிறது. தன்னை மன்னித்தவன் தம்பிக்கு ஆசிரியனானான். தம்பிக்கு உதவியவன் தனக்கும் உதவிக்கொண்டான். தன்னுயிர்க்கும் மன்னுயிர்க்கும் ஒருங்கே நிழல் தரும் மரம் அருள். அதற்கு நாள்தோறும் நீர் வார்ப்பது நம் கடன்.