வெண்ணெய்ப் பழத்தில் உணவும் பானமும்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையின் ஓரக் கடைகளில், பச்சை நிறத்தில் பேரிக்காய் வடிவான ஒரு பழம் பருவ காலத்தில் குவித்து வைக்கப்பட்டிருப்பதை உழவர் பெருமக்கள் பலர் கண்டிருப்பீர்கள். அதுவே வெண்ணெய்ப் பழம். பட்டர் புரூட், அவகேடோ என்றும் இதனைக் கூறுவர். இலங்கைத் தமிழர் இதனை ஆனைக்கொய்யா என்று அழைக்கின்றனர்.

இப்பழத்தை வாங்கிச் சென்று அன்று மாலையே அறுத்துப் பார்த்து, கல்லைப் போலக் கடினமாகவும் கசப்பாகவும் இருக்கக் கண்டு, ஆட்டுக்குப் போட்டுவிடுவோர் உண்டு. இதனால் நேரும் இழப்பு இரண்டு. காசு கொடுத்து வாங்கிய சத்தான பழம் வீணாகிறது. அதைத் தின்னும் ஆட்டுக்கும் கேடு வருகிறது. பழத்தின் இயல்பை அறிந்து பயன்படுத்தினால் இவ்விரு இழப்பையும் தவிர்க்கலாம். உள்ளூரில் உண்போர் பெருகினால், மலைத் தோட்டங்களில் இம்மரத்தை வளர்ப்போருக்கும் அருகிலேயே விற்பனை கிடைக்கும்.

பழத்தின் இயல்பு

மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும் இம்மரத்தின் தாயகம். இது இலவங்கப்பட்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. நமது மாநிலத்தில் நீலகிரிச் சரிவுகள், கீழ்ப்பழனி மலை, ஏற்காடு ஆகிய பகுதிகளில், பெரும்பாலும் காப்பித் தோட்டங்களினூடே வளர்க்கப்படுகிறது. நீர் தேங்கும் நிலத்தில் வேரழுகல் நோய் கண்டு மரம் பட்டுப்போகும். கீழ்ப்பழனி மலையில் தடியன்குடிசையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்னும் ரகத்தை வெளியிட்டுள்ளது. இதன் சதையில் கொழுப்பு 23.8 சதம்.

பொதுவாக 100 கிராம் வெண்ணெய்ப் பழச் சதையில் சுமார் 15 கிராம் கொழுப்பு, 2 கிராம் புரதம், 7 கிராம் நார்ச்சத்து உள்ளன. இது தரும் எரிசக்தி சுமார் 160 கலோரி. சர்க்கரை 1 கிராமுக்கும் குறைவு. எனவே மாம்பழம், வாழைப்பழம் போன்ற இனிப்பை இதில் எதிர்பார்த்தல் கூடாது. நெய், வெண்ணெய், தேங்காய் ஆகியவற்றின் இடத்தில் வைத்து எண்ண வேண்டிய பழம் இது. பொட்டாசியம் மிகுதியாக உள்ளதால், சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே உண்ண வேண்டும்.

முற்றிய காயும் பழுத்த பழமும்

இக்காய் மரத்தில் இருக்கும் வரை பழுப்பதில்லை. பறித்த பின்னரே மெதுவாகும். முற்றியதை அறிய ஒரு காயை அறுத்துப் பார்க்கலாம். கொட்டையின் மேல்தோல் மஞ்சள் கலந்த வெண்மையிலிருந்து கரும்பழுப்பாக மாறியிருந்தால் பறிக்கலாம். இளங்காயைப் பறித்தால் அது பழுக்காமல் சுருங்கிவிடும்.

முற்றிய காய் அறையில் வைத்த 6 முதல் 10 நாட்களில் பழுக்கும். விரைவில் பழுக்க வேண்டுமானால், வைக்கோலிலோ காகிதப் பையிலோ பழுத்த வாழைப்பழத்துடன் சேர்த்து வைக்கலாம். உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்தும்போது சற்றே அமுங்கினால் அதுவே உண்ணும் பக்குவம். பழுக்காத காயைக் குளிர்ப்பெட்டியில் வைத்தல் கூடாது. பழுத்ததை அதில் இரண்டு மூன்று நாட்கள் வைத்திருக்கலாம்.

சமையலில் நினைவில் கொள்ள வேண்டியவை

1. குழம்பிலோ பாலிலோ இட்டுக் கொதிக்க வைத்தல் கூடாது. அதிக நேரம் சூடேறினால் கசப்பு உண்டாகும்.

2. அறுத்த சதை காற்றுப் பட்டதும் கறுக்கும். எலுமிச்சைச் சாறு உடனே சேர்த்தால் கறுப்பது தாமதமாகும்.

3. அப்போதைக்கப்போது தேவையான அளவே தயாரிக்க வேண்டும். பால் சேர்த்த பானத்தை நெடுநேரம் வைத்திருந்தால் சுவை கெடும்.

பால் பானம்

பிரேசில், இந்தோனேசியா ஆகிய நாடுகளில் இப்பழத்தைப் பாலும் சர்க்கரையும் சேர்த்தே பெரிதும் பருகுகின்றனர். நமது நகரங்களின் பழச்சாறு கடைகளில் கிடைப்பதும் இதுவே.

தேவையான பொருட்கள்: பழச்சதை 100 கிராம், காய்ச்சி ஆற வைத்த பால் 250 மி.லி., நாட்டுச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, ஏலக்காய் 1, உப்பு ஒரு சிட்டிகை.

செய்முறை: நாட்டுச் சர்க்கரையைச் சிறிது வெந்நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, நன்கு ஆற விடவும். சூடான பாலில் சேர்த்தால் பால் திரியக்கூடும். பழச்சதை, சர்க்கரைக் கரைசல், ஏலப்பொடி, உப்பு, பால் ஆகியவற்றை மிக்சியில் ஒன்றாக அடிக்கவும். மிக்சி இல்லாத வீட்டில் சதையை மத்தால் நன்கு மசித்துப் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கடையலாம். இருவர் பருகலாம்.

மோர்ப் பானம்

தேவையான பொருட்கள்: பழச்சதை 100 கிராம், கெட்டித் தயிர் 200 மி.லி., நீர் 300 மி.லி., பச்சை மிளகாய் 1, இஞ்சி சிறு துண்டு, கொத்தமல்லித் தழை, கறிவேப்பிலை, உப்பு.

செய்முறை: மிளகாய், இஞ்சி, தழைகளை முதலில் அரைத்து, பின்னர் சதையையும் தயிரையும் சேர்த்து அடித்து, நீரும் உப்பும் கலக்கவும். இனிப்பை விரும்பாதோருக்கு ஏற்றது. வெயில் நேரத்தில் வயலிலிருந்து திரும்புவோருக்குக் கொடுக்கலாம்.

பச்சடி

மெக்சிகோ மக்கள் இப்பழத்தை மசித்து, வெங்காயம், மிளகாய், தக்காளி, கொத்தமல்லி சேர்த்துச் சோள ரொட்டியுடன் உண்கின்றனர். இவையனைத்தும் நமது அடுக்களையில் உள்ளவையே.

தேவையான பொருட்கள்: நடுத்தரப் பழம் 2, சின்ன வெங்காயம் 10, தக்காளி 1, பச்சை மிளகாய் 2, எலுமிச்சைச் சாறு 1 மேசைக்கரண்டி, கொத்தமல்லித் தழை, உப்பு.

செய்முறை: சதையைக் கரண்டியால் வழித்தெடுத்து எலுமிச்சைச் சாறு கலந்து மசிக்கவும். விதை நீக்கிய தக்காளியையும் மற்றவற்றையும் பொடியாக நறுக்கிச் சேர்க்கவும். கடுகு தாளித்துச் சேர்க்க விரும்பினால், தாளித்ததை ஆற வைத்த பின் ஊற்றவும். கம்பு ரொட்டி, ராகி தோசை, சப்பாத்தி ஆகியவற்றுக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

எண்ணெய் சேர்க்காத சப்பாத்தி மாவு

கோதுமை மாவு 250 கிராமுடன் மசித்த சதை 100 கிராம், சீரகம், உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசையவும். சதையிலேயே நீர் இருப்பதால், தேவைப்பட்டால் மட்டும் நீர் தெளிக்கவும். மாவில் எண்ணெய் சேர்க்க வேண்டியதில்லை. நன்கு காய்ந்த கல்லில் விரைவாகச் சுட்டெடுக்க வேண்டும். சப்பாத்தி மிருதுவாக இருக்கும்.

மிகுந்த பழத்தைப் பாதுகாத்தல்

ஒரே நேரத்தில் பல பழங்கள் பழுத்துவிட்டால், சதையை மசித்து, இரண்டு பழத்திற்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் எலுமிச்சைச் சாறு கலந்து, காற்றுப் புகாத சிறு டப்பாக்களில் அடைத்து, உறைபெட்டியில் வைத்தால் சில மாதங்கள் வரை பானத்திற்கும் பச்சடிக்கும் பயன்படும். ஒருமுறை உருக வைத்ததை மீண்டும் உறைய வைத்தல் கூடாது.

கால்நடை வளர்ப்போர் கவனத்திற்கு

வெண்ணெய்ப் பழ மரத்தின் இலை, பழத்தோல், கொட்டை ஆகியவற்றில் பெர்சின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. நன்கு பழுத்த சதையை மனிதர் உண்பதால் இந்நச்சினால் தீங்கில்லை. ஆனால் ஆடு, மாடு, குதிரை, முயல், பறவைகள் ஆகியவற்றுக்கு இது கேடு விளைவிக்கும். குறிப்பாக, இலையைத் தின்ற கறவை ஆட்டுக்கும் மாட்டுக்கும் மடி வீங்கிப் பால் குறையும். மிகுதியாகத் தின்றால் இதயம் பாதிக்கப்பட்டு இறக்கவும் நேரிடும். காய்ந்த இலையிலும் நச்சு நீங்குவதில்லை.

ஆகவே கவாத்து செய்த கிளைகளை ஆட்டுப்பட்டியில் போடுதல் கூடாது. அடுக்களையில் மிகும் தோலையும் கொட்டையையும் கழனித் தொட்டியில் சேர்க்காமல், ஆடு மாடு எட்டாத எருக்குழியில் இட்டு மண்ணால் மூட வேண்டும். தவறித் தின்ற கால்நடையை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கொட்டையைப் பொடித்து மருந்தாக உண்ணலாம் என்று சிலர் கூறுவர். அதன் பாதுகாப்பு உறுதி செய்யப்படாததால் அதைத் தவிர்ப்பதே நன்று.

அடுத்த முறை மலைப்பாதையில் இப்பழத்தைக் காணும்போது இரண்டு வாங்கி வாருங்கள். நன்கு பழுக்கும் வரை பொறுத்திருங்கள். கொதிக்க வைக்காமல் பானமோ பச்சடியோ செய்து பாருங்கள். தோலும் கொட்டையும் எருக்குழிக்குப் போகட்டும். ஆட்டின் வாய்க்குப் போக வேண்டாம்.