வகுப்புத் தாள்களை இணையத்தில் பகிர்தல்: ஆசிரியர்களுக்கான சிறு பாடம்



வார இறுதி வகுப்பு இரண்டு மணித்தியாலம்தான். அதற்கான பயிற்சித் தாளைத் தயாரிப்பதில் வெள்ளியிரவு முழுவதும் போய்விடுகிறது. அதே ணகர, னகர வேறுபாட்டுப் பயிற்சியை அடுத்த நகரப் பாடசாலையிலும் ஒருவர் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருப்பார். இந்த இரட்டை உழைப்பைத் தவிர்க்கும் வழியை இங்கு நோக்குவோம்.

முதலில் எழுத்துரு. எங்கள் பழைய தாள்களில் பெரும்பாலானவை பாமினியில் அமைந்தவை. பாமினியில் தட்டுவது கணனிக்குள் ஆங்கில எழுத்தாகவே பதிவாகும். திரையில் மட்டும் தமிழ் உருவம் தோன்றும். அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், 'அம்மா' என்பதுகூடப் பொருளற்ற ஆங்கிலக் கோர்வையாகிவிடும். யூனிகோட் முறையில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991இல் வெளிவந்த முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. அதனால் கைத்தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும், சொல்லைத் தேடிப் பிடிக்கவும் முடியும். பழைய தாள்களை மாற்ற இலவச மாற்றிகள் இணையத்தில் உள்ளன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். கொம்பும் காலும் இடம் மாறி நிற்கக்கூடும். நேரமில்லாதோர் எழுத்துருவை உட்பதித்துப் பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கலாம். அச்சிட அது நன்று. பிறர் திருத்திப் பயன்படுத்த உதவாது.

அடுத்து, எங்கே வைப்பது? 2006இல் வந்த கூகுள் டாக்ஸ், 2012இல் வந்த கூகுள் டிரைவ் ஆகியன பலருக்கும் பழக்கமானவை. பகிரும்போது பார்க்க, கருத்திட, திருத்த என மூவகை அனுமதி உண்டு. பெற்றோர்க்குப் பார்க்கும் அனுமதி போதும். திருத்தும் அனுமதியை முப்பது குடும்பத்துக்கும் கொடுத்தால், ஒரு பிள்ளையின் விரல் பட்டுப் பாதித் தாள் போய்விடும். (போனாலும் பதிப்பு வரலாற்றில் மீட்கலாம்.) இன்னொரு சுலபமான வழி: இணைப்பு முகவரியின் இறுதியில் வரும் 'எடிட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் அதன்பின் உள்ளவற்றையும் நீக்கி, 'காப்பி' என ஆங்கிலத்தில் இட்டு அனுப்புங்கள். பெறுபவர் தமக்கெனத் தனிப் பிரதி எடுத்துக்கொள்வார். உங்கள் மூலம் அப்படியே இருக்கும்.

பலர் கவனியாத விடயம், தாள் யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதாகும். இரண்டு வருடம் பயன்படுத்தப்படாத தனியார் கணக்குகளை அழிக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023இல் கொண்டுவந்தது. ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றபின் அவருடைய கணக்கு அழிந்தால், அவர் பகிர்ந்த தாள்களும் அதனுடன் போகும். ஆகவே பாடசாலைப் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, இருவரிடம் கடவுச்சொல் இருக்கட்டும். வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி வேறொரு வட்டிலும் வையுங்கள். ஆசிரியர்கள் பெரிதும் நம்பிய விக்கிஸ்பேசஸ் தளம் 2005இல் தொடங்கி 2018இல் மூடப்பட்டது.

பிள்ளைகளின் பெயர், புள்ளி, படம் எதையும் பொது இணைப்பில் வைக்கலாகாது. அச்சுப் புத்தகப் பக்கங்களைப் படமெடுத்துப் போடுவதும் தகாது. சொந்தத் தாளைப் பிறர் எடுத்தாளலாம் என்றால், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமக் குறிப்பு ஒரு வரி சேர்த்தால் போதும்.

கோப்புக்குப் 'புதிய தாள் 2' என்று பெயரிட வேண்டாம். 'வகுப்பு 3, மரபுச் சொற்கள், 2ஆம் தவணை' என்றால் தேடுபவர் கண்டெடுப்பார்.

இம்மாதப் பயிற்சி: உங்கள் பழைய தாள் ஒன்றை யூனிகோடுக்கு மாற்றி, பார்க்கும் அனுமதியுடன் சக ஆசிரியர் ஒருவருக்கு அனுப்புங்கள். அவருடைய தொலைபேசியில் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று கேட்டறியுங்கள்.